அரக்குத் தட்டும் ஏட்டுச் சுவடியும்

மலாக்கா நகரை அடுத்த புக்கிட் பெருவாங்கில், அண்மையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தார்கள். அவ்வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்; அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டி வெளிவந்தது. அதனுள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய கறுப்புத் தட்டுகள் பதினொன்று இருந்தன. இரண்டு உடைந்துபோயிருந்தன. எஞ்சியவையும் குப்பை வண்டிக்குப் போக இருந்த வேளையில், பெரியவரின் பேரன் வந்து தடுத்தான்.

அந்த இளைஞன் இசைத்தட்டுச் சேர்ப்பவன். ஆனால் அவன் சேர்ப்பவை மேல்நாட்டுத் தட்டுகள். பாட்டனாரின் தட்டு ஒன்றைத் தன் புதிய கருவியில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறான். பாட்டு எழவில்லை, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் ஓர் ஒலிதான் எழுந்தது. உடனே தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டான்.

“ஐயா, தாத்தா தட்டு கெட்டுப்போய்விட்டதா? இல்லை, என் பெட்டிதான் சரியில்லையா?” என்று கேட்டான்.

தட்டும் கெடவில்லை, பெட்டியிலும் பழுதில்லை. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. அவனுக்கு விடை சொல்லப் புகுந்தபோது, இது தமிழ் கற்பிக்கும் நம் அனைவரையும் தொடுகின்ற செய்தி என்பது விளங்கிற்று. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மேல்நாட்டார் செய்வது

இளைஞன் கையில் அன்று வேறொரு தட்டும் இருந்தது. ‘டெட் கேன் டான்ஸ்’ என்னும் குழுவினர் 1987இல் வெளியிட்ட தொகுப்பின் மறுபதிப்பு அது. இக்குழு 1981இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் தோன்றிப் பின்னர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அத்தொகுப்பின் உறையிலே பாரிசு நகரத்து இடுகாட்டிலுள்ள ஒரு கல்லறையின் படம் காணப்படுகிறது. இசையும் அதற்கேற்றதே: பழைய மாதாகோயிலின் இருண்ட மண்டபத்தில் எங்கோ தொலைவில் பாடுவதுபோன்ற குரல், மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் இசை. இவ்வகையை அந்நாட்டார் ‘காதிக்’ என்கிறார்கள். அக்குழுவின் பாடகி லீசா ஜெரார்டு பல பாட்டுகளில் எம்மொழிச் சொல்லும் இன்றிப் பாடுகிறார். இராக ஆலாபனை கேட்டுப் பழகிய நம் செவிக்கு இது புதுமையன்று.

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய இத்தகைய தொகுப்புகளை இன்று மேல்நாட்டு நிறுவனங்கள் தேடி எடுக்கின்றன. மூல ஒலிநாடாவிலிருந்து செப்பனிட்டு மீண்டும் வினைல் தட்டாக அச்சிடுகின்றன. வினைல் மறைந்தொழிந்தது என்றெண்ணியிருந்தோம். ஆனால் 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்ட வினைல் தட்டுகள் விற்றன. குறுந்தட்டுகளைவிட அவை எண்ணிக்கையில் மிகுந்தன. 1987க்குப் பின்னர் அங்கே அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை.

அவர்களுக்கு இப்பணி எளிது. இசைத்தவர் உயிருடன் இருக்கிறார்; ஒலிநாடா பெட்டகத்தில் இருக்கிறது; ஐயம் தோன்றினால் கேட்டறியலாம். நம் நிலை என்ன? நம் பழைய இசைக்கு ஒலிநாடாவே கிடையாது. மெழுகில் பதிந்து, உலோக அச்சாக்கி, அரக்கில் வார்த்தார்கள். மெழுகு அன்றே அழிந்தது. உலோக அச்சு காணாமற்போயிருந்தால், எங்கோ ஒரு வீட்டில் எஞ்சியிருக்கும் அந்த அரக்குத் தட்டே மூலமாகிறது. அதுவும் உடைந்தால் அக்குரல் மாண்டது.

தட்டு வந்த வரலாறு

1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியாரின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தார். அன்று பாடியவர்களுள் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். அவர் தட்டுகளின் முடிவிலே தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். இதை இன்று கேட்போர் நகைப்பர். ஆனால் காரணம் உண்டு. பதிவு செய்த மெழுகுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று, அங்கேதான் தட்டாயின. மொழி அறியாத தொழிலாளர் எந்தத் தட்டு எவருடையது என்று அறிய வேண்டுமே! அதற்காகவே இந்த ஏற்பாடு. ஏட்டின் இறுதியில் எழுதியவன் தன் பெயரை வரைந்து வைத்ததற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் நடந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை தோன்றிற்று. பின்னர் அது டம்டம்முக்கு மாறிப் பெருகியது. ‘ஓடியன்’ என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தட்டுகள் முதலில் 1912 முதல் 1916 வரையிலும், மறுமுறை 1932 முதல் 1938 வரையிலும் இந்தியாவில் வெளிவந்தன. இரண்டாம் முறை அவற்றைச் சென்னையில் வெளியிட்டது சரஸ்வதி ஸ்டோர்ஸ். பிற்காலத்தில் படத்தொழிலில் பெயர் பெற்ற ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் முதலில் ஈடுபட்ட தொழில் இதுவேயாகும்.

1925 வரை ஒலிவாங்கி இல்லை. பாடுவோர் ஒரு பெரிய கொம்பின் வாயருகே நின்று உரத்துப் பாட வேண்டும். அந்தக் காற்றசைவே ஊசியை இயக்கி மெழுகைக் கீறும். எனவே உரத்த குரல் படைத்தோர்க்கே அக்காலத் தட்டு இடங்கொடுத்தது. மின்வழிப் பதிவு வந்த பின்னரே மென்மையான ஒலிக்கும் வழி பிறந்தது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடம் பாடலாம். ஒரு மணி நேரம் விரித்துப் பாடும் இராகத்தை 3 நிமிடத்தில் அடக்கும் கலையை நம் வித்துவான்கள் அங்கே கற்றார்கள். அது சுருக்கமன்று, சாறு.

இரண்டு குரல்கள்

செங்கோட்டையில் 1906இல் பிறந்து நாடக மேடையை ஆண்டவர் எஸ். ஜி. கிட்டப்பா. அவர் 1933 டிசம்பரில் தம் 27ஆம் வயதில் மறைந்தார். தமிழ்ப் பேசும் படம் 1931இலேயே தோன்றிவிட்டது என்றாலும், அவர் குரல் இன்று நமக்குக் கிடைப்பது இசைத்தட்டின் வழியேதான். அவருடைய வாழ்க்கைத் துணைவியார் கே. பி. சுந்தராம்பாள் அவர்கள் 1980 வரை வாழ்ந்தார், படங்களிலும் பாடினார், அவர் குரலைத் தலைமுறைகள் கேட்டன. கிட்டப்பாவுக்கோ அந்த அரக்கைத் தவிர வேறு சான்று இல்லை.

மற்றொருவர் வீணை தனம்மாள் (1867-1938). சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் இல்லத்தில் வீணை ஒலிக்கும்; பெரும் வித்துவான்களும் சென்று அமர்ந்து கேட்பர். அங்கே ஓசை செய்ய எவரும் துணியார். அவர் வாசிப்பு அத்துணை மென்மையானது. நாட்டியத்தால் உலகப் புகழ் எய்திய பாலசரஸ்வதி அவருடைய பேத்தியே. தனம்மாளின் வாசிப்பைக் கொலம்பியா நிறுவனத்தார் 1932இல் பதிவு செய்தனர். அன்று அவருக்கு வயது 65. கிடைத்தவை சில தட்டுகளே. ஒரு பெரிய மரபின் கதவிடுக்கு வழியாக நாம் உள்ளே எட்டிப் பார்ப்பது போன்றது அது.

மலாயாவுக்கு வந்த தட்டு

இவை புக்கிட் பெருவாங் வீட்டுப் பெட்டிக்குள் எவ்வாறு வந்தன? மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896இல் டான் சே யான் என்பவரால் தொடங்கப்பட்டது. ரப்பர் பெருகத் தமிழ்த் தொழிலாளரும் பெருகினர். சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை கப்பல்கள் ஓடின; 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா கப்பலை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். துணிமணி, மளிகை, நூல்கள் வந்த வழியிலேயே தட்டுகளும் வந்தன.

சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டி எல்லோரிடமும் இருந்ததில்லை. கிராணி வீட்டிலோ கங்காணி வீட்டிலோ கடைக்காரரிடமோ ஒன்றிருக்கும். மாலையில் அது பாடத் தொடங்கினால் வாசலில் லயத்து மக்கள் கூடுவர். எழுத்தறியாதவரும் நாடகப் பாட்டைக் கற்றது இப்பள்ளியில்தான். 1946 ஏப்ரலில் மலாயா வானொலி சிங்கப்பூரில் தொடங்கியது, தமிழிலும் ஒலிபரப்பியது. நாளடைவில் வானொலிப் பெட்டி கிராமபோனின் இடத்தைப் பிடித்தது. தட்டுகள் அலமாரிக்கு அடியிலே சென்றன.

ஏன் முனகிற்று?

இனி இளைஞனின் கேள்விக்கு வருவோம். பழைய தட்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 சுற்றுச் சுழல வேண்டும். அவன் கருவியிலே 33, 45 என்னும் இரண்டு வேகங்களே உண்டு. 45இல் ஓட்டினால் பாட்டு ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஊர்ந்து முனகத்தானே செய்யும்? மேலும், புதிய ஊசியின் நுனி நெடுந்தட்டின் நுண்ணிய பள்ளத்துக்கானது. பழைய தட்டின் பள்ளம் அதைவிட மூன்று மடங்கு அகன்றது. சுவர்களில்தான் பாட்டு இருக்கிறது. ஊசியோ பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியையும் கீறலையும் மட்டும் வருடியது.

சரியான ஊசியும் 78 வேகமும் கிடைத்தால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல; சில 74, சில 80 என்று மாறுபடும். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால், ஐந்து கட்டையில் பாடியவர் ஏறத்தாழ ஐந்தரைக் கட்டையில் பாடியதாகக் கேட்கும். காலமும் விரையும், குரலும் மெலியும். அதைக் கேட்ட மாணவன், “அக்காலத்தார் எவ்வளவு உயர்ந்த சுருதியில், எவ்வளவு விரைவாகப் பாடினார்கள்!” என்று வியந்து எழுதிவிடுவான். அந்த வியப்பைப் படைத்தது பாடகர் அல்லர், கருவியின் பிழை.

இன்னொன்று. மின்வழிப் பதிவு வந்த பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் கீழொலியையும் மேலொலியையும் வேறுவேறு அளவில் குறைத்தும் கூட்டியும் பதிந்தது. ஒரே முறை என்பது 1954 அளவில்தான் அமெரிக்காவில் நிலைபெற்றது. ஆகையால் இன்ன நிறுவனம், இன்ன ஆண்டு என்று தெரியாமல் ஒரு பழைய தட்டுக்கு உண்மையான குரலைத் திருப்பித் தர இயலாது.

எல்லாவற்றிலும் நுட்பமானது இரைச்சலை நீக்கும் வேலை. அரக்குத் தட்டில் அரக்குடன் கல்மாவு மிகுதியாகக் கலந்திருக்கும். ஆதலால் ஊசி ஓடும்போது ‘சர்’ என்ற ஓசை இயல்பு. இன்றைய கணினி அவ்வோசையை ஒரு நொடியில் துடைத்துவிடும். ஆனால் வீணையை எண்ணிப் பாருங்கள். தந்தியை மீட்டியதும் ஒலி எழுந்து, படிப்படியாகத் தேய்கிறது. அந்தத் தேய்விலேதான் வாசிப்பவர் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுகிறார். தேய்ந்து தேய்ந்து அது இரைச்சலின் மட்டத்துக்குக் கீழே இறங்கும்போதும் நம் செவி அதைத் தொடர்ந்து செல்கிறது. கணினி அவ்வாறு செல்வதில்லை. இரைச்சலோடு சேர்த்து அந்த இழைவையும் வழித்துவிடுகிறது. எஞ்சுவது பளபளப்பான மீட்டல்கள், நடுவே வெறுமை. தனம்மாளின் தட்டை அவ்வாறு துடைத்தால் நாம் பெறுவது தனம்மாளையா?

பதிப்பாசிரியர் வழி

இக்கேள்வி தமிழாசிரியர்களுக்குப் பழக்கமானது. ஏட்டுச் சுவடியிலும் இதே இடர்தான். பூச்சி தின்ற இடம் உண்டு. எழுதியவன் பிழை உண்டு. முதல் ஏடு தொலைந்து பெயரே தெரியாத நூல் உண்டு. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்கள். அதே ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டார்கள். 1894இல் புறநானூறு வந்தது. ஐயரவர்கள் பல படிகளை ஒப்புநோக்கினார்கள். பாடவேறுபாடுகளைக் குறித்துக் காட்டினார்கள். சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே விட்டார்கள்; தாமாக ஒரு சொல்லை இட்டு நிரப்பி ஓசையை இனிமையாக்கவில்லை. அந்த நேர்மையினால்தான் இன்று நாம் அப்பதிப்புகளை நம்பிக் கற்பிக்கிறோம்.

இசைத்தட்டின் மறுபதிப்பும் பதிப்புப் பணியே என்பது என் கருத்து. ஆனால் நாம் அதை வாணிகம் என்றே எண்ணிவிட்டோம். பழைய குரலுக்குப் புதிய பின்னிசை சேர்க்கிறார்கள், எதிரொலி ஏற்றுகிறார்கள், எந்தத் தட்டிலிருந்து எடுத்தோம், எந்த ஆண்டினது, எந்த வேகத்தில் ஓட்டினோம் என்ற ஒரு வரியும் உறையில் இல்லை. பதிப்பாசிரியர் பெயரும் முகவுரையும் இல்லாத சங்க நூலை நாம் ஏற்போமா?

“கேட்பதற்கு இனிமையாக இருந்தால் போதாதா? ஆராய்ச்சி எதற்கு?” என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பொதுமக்களுக்குத் துடைத்த பதிப்பு வேண்டும், நானும் மறுக்கவில்லை. மாணவர் பதிப்பு இருப்பதால் மூலபாடப் பதிப்பு வேண்டாமென்று யாரும் சொல்வதில்லையே! முதலில் தட்டில் உள்ளது உள்ளவாறே, இரைச்சலோடு, ஒரு படி எடுத்துக் காக்க வேண்டும். அதன் பிறகு எத்தனை முறை துடைத்தாலும் குற்றமில்லை. தவறினால் மூலத்துக்குத் திரும்பலாம். மூலத்தைப் படியெடுக்காமல் துடைத்ததை மட்டும் வைத்துக்கொள்வது, சுவடியை அச்சிட்ட கையோடு அடுப்பில் இடுவதற்கு ஒப்பாகும்.

சிலர் இவ்வழியில் நடந்திருக்கிறார்கள். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. அதனைச் சார்ந்த ஆர்வலர்கள் பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் துணையுடன் ஓடியன் தட்டுகளை எண்ணுருவாக்கினார்கள். அவற்றுள் சென்னைப் பதிவுகளும் அடங்கும். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் தனி மனிதராகவே பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டினார். அரசுகள் செய்யாததை ஆர்வலர்கள் செய்தார்கள்.

சட்டம் நமக்கு உதவவில்லை என்பதையும் கூற வேண்டும். இந்தியாவில் அச்சு நூலைப் பதிவு செய்ய 1867இலேயே சட்டம் வந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் நூல்களை நூலகங்களுக்கு அளிக்க ஆணையிட்டது. இசைத்தட்டுக்கு அத்தகைய காப்பு இல்லை. மலேசியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அச்சு நூலோடு ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் அது இந்நாட்டில் வெளியிடப்படுவனவற்றுக்கே பொருந்தும். நம் பாட்டனார் கேட்ட தட்டோ கடல் கடந்து வந்தது. அங்கேயும் கணக்கில் இல்லை. இங்கேயும் கணக்கில் இல்லை.

நாம் செய்யத்தக்கது

புக்கிட் பெருவாங் பெட்டிக்கு மீண்டும் வருவோம். ஒன்பது தட்டுகளுள் ஒன்றின் நடுத்தாளைப் பூச்சி முழுதும் தின்றுவிட்டது. பாடியவர் பெயரும் இல்லை. பாட்டின் பெயரும் இல்லை. முதல் ஏடு இழந்த சுவடி! ஆயினும் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது, தாளுக்கு வெளியே அரக்கிலேயே பொறித்த சில எழுத்தும் எண்ணும் தெரிந்தன. அது பதிவு எண். பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டால் அந்த எண் பாடியவரைக் காட்டிக்கொடுக்கக் கூடும். இளைஞன் அதைத் தாளில் குறித்துக்கொண்டான். தன் தேடல் அன்று தொடங்கியதாகச் சொன்னான்.

தமிழாசிரியர்களே, உங்கள் மாணவரின் வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கலாம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க அடுக்காமல் நிமிர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். வெயிலும் வெப்பமும் படாமல் வைக்கச் சொல்லுங்கள். பழைய எஃகு ஊசியில் ஆசைக்காக ஓட்டிப் பார்க்க வேண்டா. ஒவ்வோர் ஓட்டமும் பள்ளத்தைத் தேய்க்கும். தாளில் உள்ள பெயர், எண், அரக்கில் பொறித்த குறி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். யார் வாங்கினார், எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்த நாளில் இதைப் போடுவார் என்பதையும் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யுங்கள். தட்டைச் சென்னையிலும் தேடலாம். புக்கிட் பெருவாங்கில் அதைக் கேட்ட செவிகளின் வரலாறு இங்கன்றி வேறெங்கும் கிடையாது. அதைச் சொல்லக் கூடியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

பெட்டியில் உடைந்த தட்டுகள் இரண்டு இருந்தன என்றேன். அவற்றையும் அவன் எறியவில்லை. துண்டுகளைப் பொருத்தி, ஒரு பக்கத்தையேனும் படியெடுக்க வல்லவர் எங்கேனும் இருப்பார் என்கிறான். இருக்கக்கூடும். ஐயரவர்கள் ஊர் ஊராகச் சுவடி தேடி நடந்த நாளில், கிடைத்த ஒற்றை ஏட்டையும் அவர்கள் எறிந்ததில்லை அன்றோ?